யாருடைய கணக்கை யார் பார்ப்பது?

அமெரிக்காவைப் பூலோக சொர்க்கம் என்று புகழ்கிறவர்கள் நம் நாட்டில் இன்றும் உண்டு. அந்த நாட்டுச் சர்க்காரின் சொந்தப் பதிவேடுகளோ வேறு கதை சொல்கின்றன. 40 வயதை எட்டிய ஆண்களில், நூற்றுக்கு ஒருவராக உச்சியில் இருக்கும் பணக்காரர் சராசரியாக 87 வயதைத் தாண்டி வாழ்வார். அடிமட்டத்தில் இருக்கும் நூற்றுக்கு ஒருவர் 73 வயதைக்கூடத் தொடமாட்டார். வித்தியாசம் 14.6 ஆண்டு! பெண்களுக்கு 10.1 ஆண்டு. 1999 முதல் 2014 வரையிலான கணக்கு இது. கூலியில் பிடித்தது போதாதென்று ஆயுளிலும் பிடித்திருக்கிறார்கள்.

இது எப்படி வெளிவந்தது? யார் எவ்வளவு சம்பாதித்தார் என்பது வருமான வரி இலாகாவின் பதிவில் இருக்கிறது. யார் எப்போது இறந்தார் என்பது சமூகப் பாதுகாப்பு இலாகாவின் பதிவில் இருக்கிறது. தனித்தனி அலமாரியில் தூங்கும்வரை இரண்டும் வெறும் காகிதம். டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும், பெயர் நீக்கப்பட்ட 140 கோடி வரிப் பதிவுகளை மரணப் பதிவுகளோடு கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்த்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மில்லின் மஸ்டர் ரோலையும் ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புளோ ரூமில் எத்தனை பேர் இருமிச் சாகிறார்கள், ஆபீஸ் அறையில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும் அல்லவா? அதே வேலைதான், அளவு பெரிது.

இன்னொன்றும் தெரிந்தது. நியூயார்க் நகரத்து ஏழை, டெட்ராய்ட் நகரத்து ஏழையைவிடச் சுமார் நாலு ஆண்டு கூடுதலாக வாழ்கிறார். சீக்கிரம் சாவது ஏழையின் தலைவிதி என்றால், ஊருக்கு ஊர் விதி மாறுமா? ஊராட்சி மக்களுக்காக அதிகம் செலவிட்ட இடங்களில் ஏழையின் ஆயுளும் கூடியிருக்கக் கண்டார்கள். செலவு ஒன்றே காரணம் என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தோண்டிப் பார்க்கவேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

அப்படியானால் சர்க்கார் எல்லாப் பதிவேடுகளையும் கோத்துவிட்டால் நமக்கு விடிந்துவிடுமா? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே சர்க்கார் வரி இலாகாவின் கணக்கை, வேலையில்லாதோருக்கும் வறியோருக்கும் கொடுக்கும் உதவித்தொகைக் கணக்கோடு கோத்தது. ஒருவரின் வருஷ வருமானத்தை 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று கம்ப்யூட்டர் தானே முடிவு கட்டியது. நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் வேலை கிடைக்கிற கூலியாளுக்கு இந்தக் கணக்கின் மோசடி உடனே புரியும். ஆறு மாதம் வேலை. ஆறு மாதம் வேலையில்லை. வேலையில்லாத மாதங்களில் மட்டும் உதவித்தொகை வாங்கினார். சராசரி போட்டதும் வருஷம் முழுவதும் சம்பாதித்தவர் ஆகிவிட்டார்! வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ். இல்லையென்றால் பல வருஷத்துக்கு முந்திய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டு. நாலு லட்சத்துக்கும் அதிகமானோர் மீது பொய்க் கடன் சுமத்தினார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2019-ல் நீதிமன்றத்தில் சர்க்காரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வசூலித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைத் திருப்பித் தர யாரால் முடியும்?

இதைக் கண்டு பயந்து, பதிவேடுகளைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லலாமா? சொன்னால் 14.6 ஆண்டு என்ற உண்மையும் அலமாரியிலேயே கிடக்கும். அது யாருக்கு லாபம்?

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் வேறொரு பொருத்தல் நடந்தது. ஸ்விஸ் வங்கி ஒன்றிலிருந்தும் பனாமா நாட்டுச் சட்டக் கம்பெனி ஒன்றிலிருந்தும் கசிந்த ரகசியப் பட்டியல்களைச் சர்க்காரின் வருமான, செல்வப் பதிவேடுகளோடு கேப்ரியல் சுக்மன் முதலிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். பத்தாயிரத்தில் ஒருவராக இருக்கும் மகா கோடீஸ்வரர்கள், கட்டவேண்டிய வரியில் சுமார் கால் பங்கை ஏய்த்திருந்தார்கள்! 2019-ல் வெளியான ஆராய்ச்சி இது. உச்சியில் இருப்பவனின் செல்வத்தையும் எழுதிவைக்கும் பதிவேடு அந்த நாடுகளில் இருந்ததால்தான் இந்தத் திருட்டு பிடிபட்டது.

நம் நாட்டில்? உழைப்பாளியின் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, பி.எஃப். கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுவிட்டன. விரல் தேய்ந்து ரேகை பதியாத கிழவி ரேஷன் கடையில் நிற்கிறாள். ஆனால் இறந்தவரின் சொத்தின் மீது போட்ட எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது. பெரும் பணக்காரர்களின் செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்தார்கள். வரியோடு, செல்வ வரிக்கென்று ஆண்டுதோறும் எழுதிக்கொடுத்த தனிக் கணக்கும் போயிற்று.

நாம் கேட்பது இதுதான். செல்வ வரி திரும்ப வரட்டும். நிலம், பங்கு, தங்கம், வெளிநாட்டு டெபாசிட் எல்லாம் ஒரே பேரேட்டில் ஏறட்டும். பெயர் நீக்கிய விவரங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கிடைக்கட்டும். கம்ப்யூட்டர் சொன்னது என்பதற்காக யாருடைய ரேஷனையும் பென்ஷனையும் நிறுத்தக் கூடாது. நிறுத்த நினைத்தால் அதிகாரி முதலில் அந்த வீட்டுக்கு வந்து விசாரிக்கவேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பும் சர்க்காரையே சேரவேண்டும்.