பூட்டு நமது, சாவியும் நமது, சொல் யாருடையது?

வண்டியின் உரிமையாளரையே திருடரெனக் கருதி வண்டி நின்றுவிடும் நாள் ஒன்று வரக்கூடும். சாவி நம்முடையது, பதிவுச் சான்று நம் பெயரில் இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது. ஆயினும் எஞ்சின் ஒருமுறை உறுமி இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறது. அல்லது ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அழைத்துவரும் மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, 'ஈசியூ போயிருச்சு' என்று தீர்ப்பு வழங்குகிறார். அதன் விலை பல்லாயிரம் ரூபாய். இத்தீர்ப்பை ஏற்குமுன் அரைமணி நேரம் நாமே ஆராய்ந்து பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும் என்பது நம் கட்சி.

இம்மொபிலைசரின் தத்துவம் எளியது. (சாவி திருகி இயக்கும் வண்டிகளையே இங்கு பேசுகிறோம், பொத்தான் வண்டிகளின் ஏற்பாடு வேறு.) சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் சிறு கண்ணாடிக் குழலாகவோ கறுப்புத் துண்டாகவோ ஒரு சில்லு இருக்கிறது. அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி அமைந்த கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதிலிருந்தே மின்சாரம் பெற்றுச் சில்லு தன் அடையாளத்தைச் சொல்கிறது. சொல் பொருந்தினால் எஞ்சின் இயங்க அனுமதி, பொருந்தாவிட்டால் இல்லை. அலிபாபா கதையின் குகைதான் இது. சொல்லை மறந்த காசிம் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். அவன் பேராசைக்காரன், நாமோ கடன் தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது டாஷ்போர்டிலுள்ள சிறு விளக்கை. சாவி அல்லது பூட்டு வடிவில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்து அணைந்தால், பெரும்பாலான வண்டிகளில் சில்லு ஏற்கப்பட்டது என்று பொருள். கோளாறை எரிபொருள் பம்பிலோ சென்சாரிலோ தேட வேண்டும். விடாமல் சிமிட்டினால் குற்றவாளி இம்மொபிலைசர் பக்கம்தான். வண்டியோடு வந்த கையேடு இதைத் தெளிவாகச் சொல்லும். அதைப் பிரித்துப் படிக்கும் வழக்கம்தான் நம்மிடையே இல்லை. ஆயிரம் பக்க நாவலை ஒரே மூச்சில் முடிப்பவர்களுக்கும் அது தீண்டத்தகாத நூலாகவே இருக்கிறது.

அடுத்தது பேட்டரி. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10க்குக் கீழே சரிந்தால், சில்லை விசாரிக்கும் கருவி தடுமாறக்கூடும். ஈசியூவின் மீது சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு உண்மையில் கிழட்டு பேட்டரிக்கும் துருவேறிய முனைகளுக்கும் உரியது.

பிறகு இரண்டாம் சாவி. அதைப் போட்டால் வண்டி கிளம்புகிறதா? அப்படியெனில் வண்டியில் குறையில்லை, முதற்சாவியில்தான் குறை. உடைந்த சாவித் தலையைத் தெருவோரக் கடையில் மாற்றும்போது சில்லு பழைய ஓட்டிலேயே தங்கிவிடுவது வழக்கமாக நேரும் விபத்து. கதவு ரிமோட்டில் திறக்கும், ஆகவே சாவி நலமென்று நம்புகிறோம்; ரிமோட்டும் சில்லும் வெவ்வேறு வேலைக்காரர்கள். ரிமோட்டின் பொத்தான் பேட்டரியை மாற்றினாலும் சில்லுக்கு அதனால் ஒரு பயனுமில்லை. பழைய ஓட்டைக் குப்பையில் போடாதிருந்தால் பழுது நீக்கும் செலவு சுழியம். ஒரே வளையத்தில் வேறொரு வண்டியின் சாவி தொங்கினால் அதையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டு சாவிகளும் தோற்றால் கம்பிச்சுருளுக்குப் போகலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே ஸ்டீயரிங் உறையைத் திறக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் விரல் படக்கூடாது. சுருளின் இணைப்பான் தளர்ந்திருந்தால் அழுத்தினால் போதும். சுருளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் முடிவிலியைக் காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சுருளை மட்டும் மாற்றலாம். பின்னாளில் வெளிக்கடையில் அலாரம் பொருத்திய வண்டியாயின், அதன் ரிலேயையும், டேப் சுற்றி ஒட்டுப்போட்ட கம்பிகளையும் எல்லாவற்றுக்கும் முன்பே சந்தேகிக்கலாம்.

வீட்டு வைத்தியம் இங்கே முடிகிறது. புதுச் சாவியையோ வேறு ஈசியூவையோ வண்டிக்கு அறிமுகப்படுத்த ரகசியக் குறியீடு வேண்டும். நம் வழக்கு தொடங்குவதும் இங்கேதான். அக்குறியீடு யாருடையது?

1990களில் ஃபியட் தன் வண்டியோடு ஓர் அட்டையைக் கொடுத்தது. அதில் ஐந்து இலக்க எண் இருக்கும். சாவி ஏற்கப்படாத வேளையில், ஆக்சிலரேட்டரை மிதித்து, விளக்கின் சிமிட்டல்களை எண்ணி, ஒவ்வோர் இலக்கமாக அந்த எண்ணை வண்டிக்குச் சொல்லிக் கிளப்பலாம். ஓப்பல் வண்டிகளுக்கும் பாதுகாப்புக் குறியீடு அச்சிட்ட 'கார் பாஸ்' உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற பல வண்டிகளில், ஏற்கப்பட்ட இரு சாவிகள் கையிலிருந்தால் மூன்றாவதை உரிமையாளரே சேர்த்துக்கொள்ளலாம். உரிமையாளரை நம்பிய ஏற்பாடுகள் இவை. இன்றோ பெரும்பாலும் சர்வீஸ் சென்டரின் கணினியை அண்டி நிற்க வேண்டியிருக்கிறது.

குறியீட்டை வெளியே விட்டால் திருடனுக்கும் போகுமே என்பார்கள். இம்மொபிலைசர் திருட்டைக் குறைத்தது மெய்யே. அமெரிக்காவில் அதில்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா வண்டிகள் 2021க்குப் பிறகு பெருமளவில் களவுபோனதை உலகம் கண்டது. பூட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறைத்து வைத்ததால் மட்டும் பூட்டு வலுப்பெறவில்லை. 40 பிட் திறவுகோல் கொண்ட சில்லு ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005லேயே உடைத்துக் காட்டினார்கள். மெகமோஸ் சில்லின் பலவீனத்தைக் கண்டறிந்தவர்களின் கட்டுரைக்கு, ஃபோக்ஸ்வாகன் தொடுத்த வழக்கில் லண்டன் நீதிமன்றம் 2013இல் தடை விதித்தது. 2015இல்தான் அது வெளிவந்தது. அந்த இரண்டாண்டு மௌனத்தால் பலவீனம் நீங்கிவிடவில்லை.

நடுவழியும் இருக்கிறது. அமெரிக்காவில் என்.ஏ.எஸ்.டி.எஃப். என்னும் அமைப்பில் பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர் பதிவு செய்துகொண்டு, வண்டியின் உரிமையைச் சரிபார்த்த பின் குறியீட்டைப் பெறலாம். யார், எப்போது பெற்றார் என்பதற்குத் தடயம் இருக்கும். நம் ஊர் சாவிக்கடைக்காரரை இப்படியொரு ஏட்டில் கொண்டுவருவது நடவாத காரியமன்று.

அதுவரை, பழைய கார் வாங்குவோர் டயரை உதைத்துப் பார்ப்பதோடு நில்லாமல் இரண்டு சாவிகளையும், குறியீட்டு அட்டை உண்டெனில் அதையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் சாவி கதவைத் திறந்தால் போதாது. எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நொடியாவது காத்திருந்து, அதன்பிறகே முன்பணத்தை எடுக்கலாம்.