ஆட்ட முடிந்தால் முறியவில்லையா?

"விரலை ஆட்டு பார்க்கலாம். ஆடுதுல்ல? அப்போ எலும்பு உடையல, வெறும் சுளுக்குதான்." ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது சறுக்கி விழுந்தவரானாலும், கிருஷ்ணகிரிச் சந்தையில் மூட்டையோடு இடறியவரானாலும், சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்லும் தீர்ப்பு இதுதான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இது ஆளை ஊனமாக்கக்கூடிய தவறு.

விரல்களை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் அந்த இழுப்பு நிற்பதில்லை. காலும் அப்படித்தான். முழங்காலுக்குக் கீழே உடல் எடையின் பெரும்பங்கைத் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு முறிந்தவர் நொண்டியபடியே பஸ் ஏறி வீடு வந்துவிடலாம். வழுக்கி விழுந்த பாட்டியின் தொடை எலும்புக் கழுத்து முறிந்து, முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் அவரும் சில நாள் நடமாடுவார்.

கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அதிலும் நடையை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை 6 செ.மீ. உயரம் வரை அழுத்திப் பார்க்கிறார்கள். அங்கே வலித்தால், நான்கு எட்டு வைத்தவருக்கும் எக்ஸ்ரே உண்டு.

இதைவிடக் கொடுமையானது கட்டைவிரல் அடியிலுள்ள சிறு படகு எலும்பின் முறிவு. கையை ஊன்றி விழும்போது ஏற்படும். வீக்கம் குறைவு, விரல்கள் எல்லாம் ஆடும், முதல் எக்ஸ்ரேயிலேயே தெரியாமல் போவதும் உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் மாவுக்கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே வருகிறது. கவனிக்காமல் விட்டால் மறுபாதி செத்துப்போகலாம். ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவருக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை.

சுளுக்கு என்று முடிவானதும் எண்ணெய் போட்டு உருவுவார்கள், இழுத்து 'நேராக்கி' மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். புத்தூர் கட்டுக்கு ஆந்திராவுக்கே வண்டி ஏறுகிறவர்களும் உண்டு. கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தசை மீட்க முடியாதபடி பாழாகலாம். விரல் நுனி வெளுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி எடுத்தாலோ கட்டை அப்போதே அவிழ்க்க வேண்டும்.

விழுந்த இடத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். சந்தேகம் இருந்தாலே முறிவு என்று கொள்ள வேண்டும். அடிபட்ட இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி அட்டையோ பலகையோ வைத்து, இறுக்காமல் கட்டி, மோதிரத்தைக் கழற்றி, 108-ஐ அழைக்க வேண்டும்.

தொழிலாளிக்கு இன்னொன்றும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டுத் திட்டப்படி வேலையில் பட்ட அடிக்கு மட்டுமல்ல, வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் வேலைக்குப் போய்வரும் வழியில் பட்ட அடிக்கும் உரிமை உண்டு. தற்காலிக ஊனத்துக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சுளுக்குதானே என்று விபத்தை அன்றே பதிவு செய்யாமல் விட்டவர், பத்து நாள் கழித்து முறிவு தெரியவரும்போது அது எங்கே நடந்தது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.