மெஷினை வாங்குவதா, வேலையை வெளியே கொடுப்பதா?

ஆலங்குளம் என்றதும் பலருக்கும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆலங்குளம். 1970ல் சிமெண்ட் ஆலை வந்த ஊர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தொழிலுக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, சிவகாசியில் அச்சகமும் தீப்பெட்டியும் பட்டாசும். இவற்றை நம்பி லேத் பட்டறைகளும் சிறு ஒர்க்‌ஷாப்புகளும் நடக்கின்றன. அப்படி ஒரு பட்டறை வைத்திருப்பவர் "ஒரு 3டி பிரிண்டர் வாங்கிப் போட்டால் என்ன?" என்று யோசித்தால், அவருக்கு என்ன பதில் சொல்வது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பொருளை ஆயிரக்கணக்கில் தயாரிப்பதற்கு முன் ஒன்றே ஒன்று செய்து பார்ப்பார்கள். அதுதான் புரோட்டோடைப், அதாவது முன்மாதிரி. முன்பு தச்சர் மரத்தில் செதுக்கித் தருவார், அல்லது மில்லிங் மெஷினில் கடைந்து எடுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மெஷினுக்குக் கொடுத்து, அடுக்கு அடுக்காக அதுவே பொருளைக் கட்டியெழுப்பினால் சில மணி நேரத்தில் மாதிரி கையில் இருக்கும். இதைத்தான் ராபிட் புரோட்டோடைப்பிங் என்கிறார்கள். ஒளி பட்டால் இறுகும் திரவத்தை வைத்து இதைச் செய்யும் முறைக்கு அமெரிக்காவின் சார்லஸ் ஹல் 1984ல் விண்ணப்பித்து 1986ல் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறை ஸ்காட் கிரம்ப் என்பவருடையது. அதன் முக்கியக் காப்புரிமை 2009ல் காலாவதியானதும் விலை மளமளவென்று இறங்கியது. இன்று இருபது, முப்பதாயிரம் ரூபாய்க்கும் 3டி பிரிண்டர் கிடைக்கிறது, கோடிக்கணக்கிலும் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழப்பமே!

விற்பனைப் பிரதிநிதி வந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும்? எத்தனை மைக்ரான், எவ்வளவு வேகம், எத்தனை கலர். அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த மாதிரி எதற்கு? பார்ட்டியிடம் காட்டி ஆர்டர் வாங்க மட்டும்தான் என்றால் மலிவான இழை மெஷினே போதும். ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் அளவு துல்லியம் முக்கியம். அதற்கு ரெசின் மெஷின் நல்லது. மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் கதையே வேறு. இழையால் அடுக்கிய பல்சக்கரம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஒட்டு பலவீனமானது. சுமை வந்தால் அந்த இடத்திலேயே பிளந்துகொள்ளும். அந்த வேலைக்கு நைலான் பவுடரை லேசரால் உருக்கி ஒட்டும் மெஷின் வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வார்ப்புக்கு பேட்டர்ன் செய்வதாக இருந்தால் இன்னொரு கணக்கு. உருக்கிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும், அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். இதைத் தெரிந்த ஆள் பட்டறையில் இல்லையென்றால் எந்த மெஷின் வாங்கியும் பிரயோஜனமில்லை.

இப்போது வணிகவியல் பக்கம் வருவோம். உதாரணத்துக்கு ஒரு மெஷின் 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் மெஷினுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம்தான் தேய்மானம் எழுத முடியும். ஆனால் இந்தத் துறையில் மெஷின் தேய்வதற்கு முன்பே பழசாகிவிடுகிறது. ஆகவே ஐந்து வருடம்தான் ஆயுள் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. வருடத்துக்கு 3 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் 1 லட்சம். ஆபரேட்டர் சம்பளம் மாதம் 20,000 வீதம் 2 லட்சத்து 40 ஆயிரம். இடம், கரண்டு எல்லாம் சேர்த்து 60 ஆயிரம். ஆக மொத்தம் ஆண்டுக்கு 7 லட்சம். ஒரு மாதிரிகூடச் செய்யாவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. வங்கி வட்டியை இதில் சேர்க்கவே இல்லை!

அதே மாதிரியை வெளியே கொடுத்துச் செய்தால் ஒன்றுக்கு 6,000 என்றும், சொந்தமாகச் செய்தால் மூலப்பொருள் 1,000 என்றும் வைத்தால், ஒவ்வொன்றிலும் மிச்சம் 5,000. ஏழு லட்சத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் 140. வருடத்துக்கு 140 மாதிரிக்குக் குறைந்தால் நஷ்டம். நாற்பது மட்டுமே செய்யும் பட்டறைக்கு வெளியே கொடுத்தால் ஆகும் செலவு 2 லட்சத்து 40 ஆயிரம்தான். சொந்த மெஷினில் 7 லட்சத்து 40 ஆயிரம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான்.

இது சிவகாசிக்குத் தெரியாத பாடம் அல்ல. தமிழ்நாடு முழுக்க காலண்டர் ஆர்டர் பிடிப்பவர்கள் எல்லோரும் ஆஃப்செட் மெஷினா வைத்திருக்கிறார்கள்? ஆர்டரை சிவகாசிக்கு அனுப்பி அச்சடித்து வாங்கிக் கொடுக்கிறார்கள். அச்சகம் வைத்திருப்பவர் பலருடைய ஆர்டரைச் சேர்த்து அடிப்பதால் அவருக்கு மெஷின் கட்டுப்படியாகிறது.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். சென்னை அக்னிகுல் நிறுவனத்தைப் பாருங்கள். 2017ல் தொடங்கிய ராக்கெட் கம்பெனி. 2022ல் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் தொழிற்கூடம் திறந்தபோது, ஜெர்மனியின் இஓஎஸ் நிறுவனத்தின் உலோக 3டி பிரிண்டரை அதற்கெனத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏன் இஞ்சினை வெளியே கொடுத்து வாங்கவில்லை? அவர்களுக்கு அது வெறும் மாதிரி அல்ல, விற்பனைச் சரக்கே அதுதான். பல துண்டுகளை வெல்டிங் செய்து சேர்க்கும் இஞ்சினை ஒரே துண்டாக அச்சடிப்பதுதான் அவர்கள் தொழில் ரகசியமும்கூட. அந்த இஞ்சினோடு 2024 மே 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவர்களுடைய சோதனை ராக்கெட் பறந்தது. மெஷின் இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை என்னும்போது கடன் வாங்கியாவது வாங்கத்தான் வேண்டும்.

ஐஐடி முன்னாள் மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா இன்னொரு ரகம். கான்கிரீட்டில் வீடு அச்சடிக்கும் மெஷினை அவர்களே உருவாக்கினார்கள். 2021ல் ஐஐடி வளாகத்தில் 600 சதுர அடி வீட்டைக் கட்டியும் காட்டினார்கள். சிமெண்ட் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி, ஆனால் அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

வெளியே கொடுப்பதில் சிக்கலே இல்லை என்று சொல்ல முடியாது. டிசைன் அடுத்தவன் கைக்குப் போகும். அவசரத்துக்கு வராது. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கூரியர் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். முதல் கவலைக்கு எழுத்துப்பூர்வமான ரகசிய ஒப்பந்தம் ஓரளவு உதவும். இரண்டாவதற்கு, தூரத்துக்குப் போகும் முன் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் போன்ற பக்கத்து இஞ்சினியரிங் கல்லூரிகளில் விசாரிக்கலாம். லேபில் மெஷின் இருந்து, கட்டணத்துக்குச் செய்து தரச் சம்மதித்தால் லாபம்தானே.

பட்டறைக்காரர் இப்போதைக்குச் செய்யக்கூடியது, முப்பதாயிரத்துக்குள் ஒரு சின்ன இழை மெஷின் வாங்கி வைப்பதுதான். பையன்கள் டிசைன் வரையப் பழகுவார்கள், பார்ட்டிக்குக் காட்டும் மாதிரிகளும் அதிலேயே முடிந்துவிடும். அது போதாமல் வெளியே போகும் வேலைகளை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வரட்டும்: என்ன பாகம், எதற்காக, எவ்வளவு ஆயிற்று, எத்தனை நாளில் வந்தது. ஒரு வருடம் போன பிறகு மாதத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் அந்த நோட்டில் ஏறியிருந்தால், அப்போது விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிட்டு கொட்டேஷன் கேட்கலாம்.