விலை இறங்கிய பெட்டியும் இறங்காத இசையும்

மறுவிற்பனை விலையைக் கொண்டு இசைத்தரத்தை அளக்கும் பழக்கம் ஒலிக்கருவி ஆர்வலர்களிடையே வேரூன்றிவிட்டது. ப்ராசசர் என்று அழைக்கப்படும் ஹோம் தியேட்டர் ப்ரீஆம்ப்ளிஃபையர் சில ஆண்டுகளிலேயே தன் விலையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே அது இசைக்கு உதவாது என்பது அவர்கள் வாதம். முதற்கூற்று உண்மை. அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவு அபத்தம்.

விலை ஏன் சரிகிறது என்று பார்ப்போம். ஹெச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதல் வடிவம் 2002இல் வந்தது. 2006, 2009, 2013, 2017 என அது தொடர்ந்து மாறியது. இடையே 2014இல் டால்பி அட்மாஸ் வீடுகளுக்குள் நுழைந்தது. மராண்ட்ஸ் ஏ.வி.8801 அதற்குச் சற்றுமுன் சந்தைக்கு வந்த கருவி. அதில் அட்மாஸ் இல்லை. 2015இல் அதன் இடத்துக்கு வந்த ஏ.வி.8802இல் இருந்தது. அவ்வளவுதான், முந்தையது ‘பழசு’ ஆயிற்று. அதன் ஒலிச்சுற்றில் ஒரு மின்தடைகூட அதனால் கெட்டுவிடவில்லை. சரிந்தது திரைப்படத்தோடு அதற்கிருந்த உறவின் மதிப்பு மட்டுமே.

இசையின் கதை வேறு. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் அளவீடு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இன்றும் அதுவே. 2021இல் ஆப்பிள் மியூசிக் இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கியபோதும் அதன் தொடக்கப்படி இந்த அளவீடுதான். இரு ஒலிபெருக்கிகளில் இசை கேட்பவருக்கு, அந்தப் பழைய ப்ராசசர் வாங்கிய நாளில் என்ன செய்ததோ அதையே இன்றும் செய்யும். ‘ப்யூர் டைரக்ட்’ நிலையில் வைத்தால் காட்சிச் சுற்றுகளும் அறைத்திருத்தமும் விலகிக்கொள்ள, அனலாக் வழியே வரும் ஒலி நேராகச் சென்றுவிடும். பாடத்திட்டம் மாறியதும் வழிகாட்டி நூலின் விலை விழுகிறது. அதில் அச்சாகியிருக்கும் செய்யுளின் சுவையும் விழுந்துவிட்டது என்று யாரேனும் சொல்வோமா?

எதிர்த்தரப்பின் விருப்பமான சான்று, 1950களின் இறுதியில் வந்த மராண்ட்ஸ் 7 போன்ற வால்வு ப்ரீஆம்ப்ளிஃபையர்கள். அவற்றின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறதே, அது இசைத்தரத்தின் அத்தாட்சி அல்லவா என்பார்கள். அல்ல. அருமையும் சேகரிப்பாளரின் ஆசையும் சேர்ந்த விலை அது. கருவி நன்றாக ஒலிக்கலாம். ஆனால் அதைச் சொல்லவேண்டியது செவி, ரசீது அல்ல. ஏறிய விலை இசைக்குச் சான்று ஆகாதபோது, இறங்கிய விலை மட்டும் எப்படி அதற்கு எதிரான சான்றாகும்?

பழைய ப்ராசசர்கள் எல்லாம் பொக்கிஷங்கள் என்று நான் வாதிடவில்லை. ஹெச்.டி.எம்.ஐ. பலகை பழுதாகலாம், மாற்று உதிரி கிடைக்காமல் போகலாம், ஒலியளவுக் குமிழ் கரகரக்கலாம். மலிவாகச் செய்யப்பட்டவை அன்றும் சுமாராகத்தான் ஒலித்தன. இவற்றைச் சோதித்து வாங்குவது அறிவுடைமை. சோதிக்காமலே, விலையைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது சோம்பல்.

இந்தச் சோம்பலுக்கான விலையைக் கொடுப்பவர் சிறுவருவாயுள்ள இசைரசிகர். தன் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் தரமான கருவியை ‘இசைக்கு ஆகாது’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சி அவர் விட்டுவிடுகிறார். கருவி காயலான் கடைக்குப் போகிறது. கழற்றி மாற்றக்கூடிய பலகைகளோடு என்.ஏ.டி. சில கருவிகளைச் செய்து காட்டியது. அது பொதுவழக்கமாகாததற்கு, புதியதே நல்லது என்று நம்பத் தயாராக இருக்கும் நாமும் ஒரு காரணம்.

ஒலிக்கருவி மதிப்புரை எழுதுவோர் இனியேனும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கட்டும். இது எந்த ஆண்டின் படத்தை இயக்கும் என்பது ஒன்று. இதில் ஒரு தம்பூராவின் ரீங்காரம் எப்படிக் கேட்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையைச் சந்தை சொல்லும். இரண்டாவதற்கு உட்கார்ந்து கேட்டாகவேண்டும்.