பேசாதிருந்தால் போய்விடுமா?

"பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது. நாம பேச்செடுத்தாத்தான் தெரியவரும்." திருநெல்வேலிச் சீமையில் ஆசிரியர் ஓய்வறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், இத்தனை பிள்ளைகள் இரத்தம் சிந்திய பிறகும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்வது மன்னிக்கக்கூடியது அல்ல.

2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில், சாதியைக் காட்டக் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்து மூண்ட சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வகுப்பில் யாரோ சாதியைப் பற்றிப் பாடம் நடத்தியதாலா இந்தப் பையன்கள் அரிவாள் எடுத்தார்கள்?

ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து உட்காரும் பையனிடம் பக்கத்துப் பையன் முதலில் பேர் கேட்பான். அடுத்தது, "எந்தூருல?" ஊர்ப்பேர் வந்ததும், "ஊருக்குள்ள எங்கன?" மேலத்தெரு என்கிறானா, காலனி என்கிறானா, எந்தக் கோயில் பக்கம் என்கிறானா என்பதில் கணக்கு முடிந்துவிடும். யார் தண்ணீர் பாட்டிலை யார் வாங்கிக் குடிப்பது, கபடிக்கு யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் அந்த இரண்டு கேள்விக்குப் பிறகு தீர்மானமாகிவிடும். கயிறு இல்லாவிட்டால் கழுத்து டாலர் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் சட்டைக்கு உள்ளே தெரியும் பனியன் நிறம், சைக்கிளில் ஒட்டிய ஸ்டிக்கர், செல்போன் ஸ்டேட்டஸ். தலைவர் பிறந்தநாளுக்கு ஊர் முக்கில் வைக்கும் பிளெக்ஸ் பேனரில் மீசை முளைக்காத பள்ளிப் பையன்களின் போட்டோ வரிசையாக நிற்கிறது. இவர்களுக்குத்தான் சாதி தெரியாது என்கிறோம். தெரியும், பெரியவர்களைவிடத் துல்லியமாகத் தெரியும். அதைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெரியவர்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நாம் பேசுவதே இல்லை என்பதும் பொய். உதவித்தொகை வந்தால், "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரி, சாதிச் சான்றிதழ் யாரு குடுக்கல?" என்று முழு வகுப்புக்கும் கேட்கும்படி குரல் கொடுப்பது பேச்சில்லையா? எழுந்து நிற்கிற பிள்ளையைச் சுற்றியிருக்கிற நாற்பது தலைகளும் திரும்பிப் பார்க்கின்றன. இப்படிச் செய்யாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள் என்று, நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் சேர்ந்த அந்த 610 பக்க அறிக்கையிலிருந்து ஊர் பிடித்துக்கொண்டது கயிற்றையும் நெற்றித் திலகத்தையும்தான். அதை ஒட்டியே விவாதமும் வசவும் நடந்தன. 2019-இலும் இதே கதை. வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி பள்ளிக்கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கைக்கு எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். கயிறு அறுபட வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், அதே அறிக்கை ஆறு முதல் பன்னிரண்டு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்கிறது. ஆசிரியர் பயிற்சியில் மாற்றம் கேட்கிறது. அடையாளத்தை எடு என்ற பாதியை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து பேசு என்ற பாதியைக் கைவிட்டால், கயிறு இருந்த கையில் நாளை பச்சை குத்தியிருக்கும்.

இந்த மௌனத்துக்கு நம் தாமிரபரணிக் கரையிலேயே நூறாண்டு வரலாறு உண்டு. 1922-இல் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தத் தொடங்கினார். தேசப்பற்றிலும் தமிழ்ப்பற்றிலும் குறைசொல்ல முடியாத மனிதர். இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட அவர்களைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் இணங்கினார். இரண்டே பிள்ளைகள்தானே, இதைப் போய்ப் பெரிதாக்க வேண்டுமா என்றுதான் அன்றும் பலர் நினைத்தார்கள். அங்கே படித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வீட்டில் சொன்னதிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது என்று திராவிட இயக்கத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பேச்செடுத்தார்கள். 1925-இல் ஐயர் விலகினார். அதே ஆண்டு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் திசை மாறியதில் அந்தச் சாப்பாட்டுப் பந்திக்கும் பங்குண்டு. சேரன்மகாதேவிக்கு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை ஒரு ஆசிரியர் சொல்லியிருப்பார்?

திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் ஆற்றில் பூத்தூவ ஆட்கள் வருகிறார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை பாலத்தின் மேலிருந்து அதைப் பார்க்கிறது. ஒரு வீட்டில் அதற்கு ஒரு கதை, அடுத்த தெருவில் இன்னொரு கதை. இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு கதைகளையும் மேசைமேல் வைத்துப் பேசக்கூடிய ஒரே இடம் வகுப்பறை. நாம் அதைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. வாய் திறந்தால், "இவர் என்ன ஆளு?" என்று முதலில் ஆசிரியரின் சாதியைத்தான் விசாரிப்பார்கள். மறுநாள் காலையில் பத்துப் பேர் பள்ளி வாசலில் நிற்பார்கள். தனி ஆளாக அவரை அங்கே நிறுத்திவிட்டு வீரம் பேசச் சொல்வது நியாயமில்லை. ஒரு வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அதிகாரியாக, தலைமையாசிரியராக நியமிக்காதீர்கள் என்று சந்துரு குழு சொன்னது இதற்காகத்தான்.

"நாங்குநேரிப் பையன் பள்ளியில் வாய் திறந்து புகார் சொன்னதால்தானே வெட்டுப்பட்டான்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவன் ஏன் பள்ளிக்கு வராமல் நின்றான், அதற்கு முன் எத்தனை நாள் யாருக்காகக் கடைக்குப் போய்வந்தான் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவன் பேசியது தாமதம். பேசிய பிறகு அவனைக் காக்க ஓர் ஏற்பாடும் இல்லாதது அதைவிடப் பெரிய தவறு. புகார் எழுதி வாங்கினால், அன்று மாலைக்குள் இரண்டு வீட்டுக்கும் யார் போவது, காவல் நிலையத்துக்கு யார் சொல்வது, அந்தப் பிள்ளை எந்த வழியில் வீடு திரும்புவது என்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் பேர் போட்டு ஒரு தாள் இருக்க வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகம் அடுத்த ஆய்வுக்கு வரும்போது கயிறுகளைத் தேடுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்கட்டும்.