விலை விழுந்த காரும் விழாத செலவும்

"புது ஸ்விஃப்ட் வாங்குற காசுக்குப் பழைய பென்ஸே எடுத்துரலாமே, அண்ணாச்சி!" ஆரல்வாய்மொழியிலும் தோவாளையிலும் நாகர்கோவிலிலும் கார் வாங்க நினைக்கிறவர் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. வண்டி புரோக்கர் சொல்கிறார். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் மச்சான் சொல்கிறார். யூடியூபில் தினமும் யாராவது சொல்கிறார்கள். 2025 ஜூலையில் டெல்லிக்காரர் ஒருவர், 84 லட்ச ரூபாய்க்கு வாங்கிய மெர்சிடிஸை இரண்டரை லட்சத்துக்கு விற்றதாகச் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு வலு கூடிவிட்டது.

சேமிப்பையோ நகைக்கடனையோ எடுத்துக்கொண்டு இந்தப் பேச்சை நம்பி இறங்குகிறவர்கள் நம் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். அதனால் இதன் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் வாதம், "விழ வேண்டிய விலையெல்லாம் விழுந்தாச்சு, இனி நஷ்டமே கிடையாது" என்பது. டெல்லி வண்டி ஏன் அவ்வளவு மலிவு? தலைநகர்ப் பகுதியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டியும் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று உத்தரவு வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நெருக்கடியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் பலர். அது சட்டம் இறக்கிய விலை. வண்டிக்குள் இருக்கும் கியர்பாக்ஸுக்கு இந்தத் தள்ளுபடி தெரியாது. 60 லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ் அந்தக் கார் 6 லட்சத்துக்கு விற்கும்போதும் 60 லட்ச ரூபாய் காரின் கியர்பாக்ஸ்தான். சர்வீஸுக்கு நிற்கும்போது நாம் கட்டுவது புது விலையின் கணக்கு.

வரியிலும் இதே நிலைதான். வெளிமாநில வண்டியைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது, வயதுக்கேற்ப விகிதம் குறைந்தாலும், வாழ்நாள் வரி அந்த வண்டியின் ஆரம்ப விலையை வைத்தே போடப்படுகிறது. நாம் கொடுத்த 6 லட்சத்தின் மீது அல்ல. புரோக்கர் சொல்லும் விலையில் இது எப்போதும் சேர்ந்திருக்காது.

அடுத்தது, அடிக்கடி கேட்பது: "ஜெர்மன் வண்டி, கல்லு மாதிரி. ஓடிக்கிட்டே இருக்கும்." இந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. 1970களின் டபிள்யூ 123, அதற்குப் பின் வந்து 1995 முதல் புனேயில் தயாரான டபிள்யூ 124 ஆகிய மெர்சிடிஸ் கார்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியவை. கையில் ஸ்பேனர் இருந்தால் பெரும்பாலான வேலையைச் செய்துவிடலாம். (அவற்றிலும் 1990களின் முதல் பாதியில் வந்த சில எஞ்சின்களில் ஒயர் மேல் உறை பொடிந்து உதிர்ந்தது.) ஆனால் இன்று மலிவு விலையில் நம்மிடம் காட்டப்படுபவை அந்த வண்டிகள் இல்லை. அவை பெரும்பாலும் 2005க்கும் 2015க்கும் இடையே வந்தவை. இரண்டும் வேறு வேறு இனம்.

பிஎம்டபிள்யூ 320டி-யை எடுத்துக்கொள்வோம். 2007இல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்த பிறகு 3 சீரிஸ் கார்கள் அங்கேயே பூட்டப்பட்டன. அந்தக் காலத்து 2 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு என் 47 என்று பெயர். 2007 முதல் 2011 வரை செய்யப்பட்ட என் 47 எஞ்சின்களில் டைமிங் செயின் தேய்ந்து அறுவது உலகமெங்கும் தெரிந்த குறை. அந்தச் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டிய இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மற்ற வண்டிகளில் முன்பக்கம் கழற்றிச் செய்கிற வேலைக்கு, இதில் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கமிருந்து உரசல் சத்தம் வருகிறதா என்று கேட்காமல் இந்த வண்டிக்கு முன்பணம் கொடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பது போல.

2003 முதல் 2006 வரை வந்த மெர்சிடிஸ் ஈ கிளாஸில் பிரேக்கை மின்னணு பம்பு ஒன்று இயக்குகிறது. நாம் எத்தனை தடவை மிதித்தோம் என்று அது எண்ணிக்கொண்டே வரும். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால் மாற்றச் சொல்லி எச்சரிக்கும். மிதிப்பு குறைவோ கூடுதலோ, ஒரு நாள் அந்த எச்சரிக்கை வந்தே தீரும்.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கும் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் பையில் காற்றை அடைத்து வண்டியைத் தாங்கும் அமைப்பு அது. எட்டு, பத்து ஆண்டில் ரப்பரில் வெடிப்பு விழும், காற்று கசியும். கசிந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக் கடைசியில் எரிந்துபோகும். விற்கிறவர் கம்ப்ரசரை மட்டும் மாற்றி வண்டியை நிமிர்த்தி நிறுத்தியிருப்பார். ரப்பர் அப்படியே இருப்பதால் புது கம்ப்ரசரும் அதே வழியில் போகும். முன்பக்க ஏர் ஸ்ட்ரட் ஒன்று மட்டுமே லட்ச ரூபாயைத் தொடும்.

கியர்பாக்ஸ் ஆயிலும் இப்படித்தான். பிஎம்டபிள்யூ முதலான நிறுவனங்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றிய ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்றன. அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்கு ஒரு முறை, மாற்றச் சொல்கிறது. முதல் உரிமையாளர் கம்பெனி சொன்னதை நம்பியிருப்பார். அதன் விளைவை மூன்றாவது உரிமையாளர் சுமப்பார்.

"கம்மி கிலோமீட்டர், சிங்கிள் ஓனர்" என்பார்கள். குமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், வண்டி பதினோரு மாதம் போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கும். மீட்டரில் 40,000 என்றிருக்கும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சும்மா நின்ற காரில் பேட்டரி செத்து, ஆயில் சீல் காய்ந்து, பிரேக் பிடித்துக்கொண்டு, எலி ஒயரைக் கடித்திருக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டர் பார்த்து வயதாவதில்லை. டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று அதிலிருக்கும். மீட்டர் குறைத்த வண்டி என்று சந்தேகம் வந்தால் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். இந்தக் கார்களில் டாஷ்போர்டு தவிர வேறு கண்ட்ரோல் யூனிட்களிலும், பிஎம்டபிள்யூ என்றால் சாவியிலும்கூட, கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்.

"இப்போ எல்லா ஊர்லயும் ஆள் இருக்கு, நாகர்கோவில்லயே பாத்துக்கலாம்" என்ற வாதத்துக்கு வருகிறேன். நாகர்கோவில் மெக்கானிக்குகளின் கைத்திறன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கைவிட்ட எஞ்சினை ஓட வைக்கிறவர்கள் அவர்கள். சிக்கல் அவர்கள் கையில் இல்லை. இந்தக் கார்களில் பல கண்ட்ரோல் யூனிட்களை மாற்றிய பின், கம்பெனியின் சர்வரோடு இணைத்துக் கோடிங் செய்தால்தான் அவை வேலை செய்யும். ஆடியில் ஒரு வண்டியின் யூனிட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால், திருட்டுத் தடுப்புக்காக வைத்த பாதுகாப்பு அதை முடக்கிவிடும். பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்கு ஸ்பேர் வாங்கிப் போடுகிற நம் வழக்கம் இங்கே பாதியில் நின்றுவிடும்.

அப்போது கம்பெனி சர்வீஸைத் தேடி வண்டி திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். ஆரல்வாய்மொழியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டி. மதுரை என்றால் நாலுவழிச் சாலைதான், ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேல். கயிறு கட்டி இழுக்கவும் வழியில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் தரையோடு படிந்துவிட்ட ஏர் சஸ்பென்ஷனும் உள்ள வண்டியை ரெக்கவரி லாரியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக முடியும். வேலை ஒரு நாளில் முடியாது. ஸ்பேர் வரவேண்டும், மறுபடி போகவேண்டும். சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவருக்கு இந்தக் கார் கொடுக்கும் தொல்லையும் நம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வாசலில் இருப்பவருக்குக் கொடுக்கும் தொல்லையும் ஒன்றல்ல. யூடியூபில் பேசுகிறவர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

நம் ரோட்டையும் பாருங்கள். கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் காவல்கிணறு வழி இரவு பகலாக வருகின்றன. ஜல்லி சிதறிய, குழி விழுந்த ரோட்டில் மெல்லிய பக்கவாட்டு டயர் போட்ட கார் என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை. பல பிஎம்டபிள்யூ கார்களில் ரன்ஃபிளாட் டயர்தான், ஸ்டெப்னியே இருக்காது. டயர் கிழிந்தால் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நிற்க வேண்டியதுதான்.

"கேரளா வண்டி மலிவு, பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு. மோட்டார் வாகனச் சட்டப்படி வெளிமாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்கு அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி வேண்டும். ஆர்சி புத்தகத்தில் பேர் இருப்பவரே உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் பேர் மாற்றாத வண்டி விற்றவருக்கும் நிம்மதி தராது, வாங்கியவருக்கும் தராது.

ஆவணமே பொய்யாக இருக்கவும் வாய்ப்புண்டு. வரியை மிச்சம் பிடிக்கப் புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்துப் பதிந்த சொகுசுக் கார்கள் 2017இல் கேரளத்தில் பெரிய வழக்காயின. 2025 செப்டம்பரில் 'நும்கோர்' என்ற பெயரில் கொச்சி சுங்கத்துறை நடத்திய சோதனையில், பூடானிலிருந்து கடத்தி வந்து போலி ஆவணத்தோடு பதிந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட கார்கள் பல பறிமுதலாயின. நாம் வண்டி பார்க்கப் போகும் சந்தை அதுதான். வெள்ளம் வேறு: 2015 சென்னை, 2018 கேரளம், 2023 டிசம்பர் மீண்டும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீரில் மூழ்கிய கார் கழுவித் துடைத்தால் புதிதுபோல இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டிகளில் துரு ஏறுவது ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்கிறார்கள். வண்டியின் காப்பு மதிப்பு 8 லட்சம் என்று வையுங்கள். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது 6 லட்சத்தைத் தாண்டினால், வண்டியையே மொத்த நஷ்டம் என்று கணக்கெழுதி முடித்துவிடுவார்கள். முன்பக்கம் ஒரு நல்ல இடி: இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், பம்பர், ஏர்பேக். பில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதைவிடச் சின்ன இடி என்றால், 10 வயது தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்திலும் பிளாஸ்டிக் பாகத்திலும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பெரிய அடிக்கு வண்டி போகும், சின்ன அடிக்கு நம் பணம் போகும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் போகிறோம், கெட்டியான வண்டி வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பது நியாயம். பத்தாண்டுக்கு முன் நம் சின்னக் கார்கள் பலவற்றில் ஏர்பேக்கே இல்லாதபோது இது சரியான வாதமாகவும் இருந்தது. 2024இல் வந்த புது ஸ்விஃப்டில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக், சறுக்கல் தடுப்பு உண்டு. அதே ஆண்டு வந்த புது டிசையர் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பழைய சொகுசுக் காரின் ஏர்பேக்கோ வயதானது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் வெடிமருந்து, வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து சிதைந்து, விரிய வேண்டிய நேரத்தில் உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி உட்பட உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் மாவட்டம் வெப்பமும் ஈரமும் மிகுந்த மாவட்டம். வாங்கும் முன் சேஸ் எண்ணைக் கொடுத்து இந்த மாற்றம் நடந்திருக்கிறதா என்று கம்பெனியில் கேளுங்கள். பாக்கி இருந்தால் இலவசமாகவே செய்து தர வேண்டும்.

அப்படியானால் யாரும் வாங்கக்கூடாதா? வாங்கலாம். வீட்டில் அன்றாடத்துக்கு வேறு வண்டி இருப்பவர், வாங்கும் விலையில் பாதியைத் தொடாமல் தனியாக வைக்க முடிகிறவர், வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கோடு நல்ல பழக்கம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அந்தக் காரின் ஓட்டம் தரும் இன்பம் உண்மையானது; அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஏர் சஸ்பென்ஷன் இல்லாத, சாதா ஸ்பிரிங் உள்ள மாடலாக, டிஎன் பதிவும் முழு சர்வீஸ் பில்லும் உள்ளதாகப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் ஒரே வண்டியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது ஒத்துவராது.

பார்க்கப் போகும் நாளில் விடியற்காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் நில்லுங்கள். "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டேன், சூடா இருக்கு" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். முந்தின இரவு நிறுத்திய வண்டி நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் காசு கட்டி ஸ்கேனர் போட்டு, சேஸ் எண்ணை வைத்துப் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். அதற்கும் விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், முன்பணத்தைக் கொடுக்காமல் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுங்கள்.