மரத்தடியில் நிற்பவரே ஆசிரியர்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் பொழுது விடிந்ததுமே குலை வெட்டு தொடங்கிவிடும். வெட்டுபவர் முதலில் மேலே பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார். குலை பழுத்துவிட்டதை மரத்தைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும் பழங்களே சொல்லிவிடும். பிறகுதான் அண்ணாந்து பார்த்து, நிற்கும் இடத்தைத் தேர்கிறார்: குலை விழும் திசையிலிருந்து விலகியிருக்க வேண்டும், அரிவாளும் எட்ட வேண்டும். நீண்ட அலுமினியக் கம்பை நிமிர்த்தினால் அதன் நுனி தூண்டில்போல் வளைந்தாடும். ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் வேலை ஓடாது. ஆடும்போதே வளைந்த அரிவாளை மட்டையின் அடியில் மாட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரே இழுப்பு. மட்டை விழுகிறது. அடுத்த இழுப்பில் இருபது கிலோ குலை தரை அதிர விழுகிறது.

இந்த ஒரு நிமிட வேலையை ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதை ரோபோ ஆய்வாளர்களைக் கேட்டால் தெரியும். சதுரங்கத்தில் ஒரு காயை எந்தக் கட்டத்துக்கு நகர்த்தலாம் என்பதை எண்ணிவிடலாம். கம்பை எத்தனை பாகை சாய்ப்பது, எவ்வளவு விசையில் இழுப்பது என்பதற்கு அப்படி எண்ணிக்கை கிடையாது. கை ஒவ்வொரு கணமும் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பொறியியலில் இதைத் தொடர் கட்டுப்பாடு என்கிறார்கள். விதிகளை எழுதிக் கொடுத்து இதைக் கற்பிப்பது கடினம். இத்தகைய வேலைக்குக் கைகொடுப்பது வலுவூட்டல் கற்றல் என்ற முறை. இயந்திரம் தானே செய்து பார்க்கும். சரியாகச் செய்தால் மதிப்பெண் கூடும், தவறினால் குறையும். லட்சக்கணக்கான முயற்சிகளில் அது தன் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் இட்ட ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் 2024-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. பார்ட்டோவிடம் முனைவர் பட்டம் முடித்த பாலராமன் ரவீந்திரன் சென்னை ஐஐடியில் இத்துறையைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறார். தமிழ் மாணவர்களுக்கு எட்டாத துறை இதுவல்ல.

செய்து பார்ப்பதற்குத்தான் விலை அதிகம். 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஏழு ரோபோ கைகளைச் சில மாதங்கள் இயக்கி, பொருள்களைப் பற்றியெடுக்கும் முயற்சிகளை 5,80,000 முறை பதிவு செய்தார்கள். அதன்பின் அந்தக் கைகள் முன்பின் பாராத பொருளையும் 96 விழுக்காடு வெற்றியோடு எடுத்தன. தோட்டத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஐந்து லட்சம் முறை தவறாக வெட்டினால் மரம் மிஞ்சாது. அதனால் கணினிக்குள் ஒரு பொய்த் தோட்டம் கட்டி, அங்கே பழக்க வேண்டியிருக்கிறது. ரூபிக் கனசதுரத்தைத் தீர்க்க ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019-இல் பழக்கிய கை, கணினி உலகில் சுமார் 13,000 ஆண்டு அனுபவத்தைச் சேர்த்தது. அப்படியும் மிகக் கடினமாகக் கலைத்த கனசதுரத்தை ஐந்தில் ஒரு முறைதான் தீர்த்தது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. சூரிக் தொழில்நுட்பக் கழகமும் என்விடியாவும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான நாற்கால் ரோபோக்களை ஒரே கணினிச் சில்லுக்குள் ஒரே நேரத்தில் நடக்கவிட்டு, சமதளத்தில் நடக்க நான்கு நிமிடத்துக்குள் கற்பித்தன.

அந்த வகைச் சில்லுகள் இன்று ஜொகூர் மண்ணில் இருக்கின்றன. ஒய்டிஎல் நிறுவனம் என்விடியாவோடு சேர்ந்து கூலாயில் செயற்கை நுண்ணறிவுக் கணினி மையம் அமைப்பதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. 500 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்ட அந்தத் தரவு மைய வளாகம் நிற்பது கூலாய் யங் தோட்டத்து நிலத்தில். செடெனாக்கிலும் சுற்று வட்டாரத்திலும் இதே கதைதான். செம்பனை நின்ற இடத்தில் கணினிக் கூடம் எழுகிறது.

மாற்றத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்ட காலத்தில் லயத்து வீட்டையும் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். நிலம் மாறும்போது அதில் உழைத்தவர்களின் அறிவுக்கு யாரும் விலை பேசவில்லை. அந்தத் தவறு மறுபடியும் நடக்கக்கூடாது.

குலை வெட்டும் இயந்திரம் வந்தால் வேலை போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இன்று மலேசியத் தோட்டங்களில் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கோவிட் காலத்தில் எல்லை மூடியபோது வெட்ட ஆளின்றிப் பழம் மரத்திலேயே அழுகியது. கழுத்து வலி, முதுகு வலி, மின்கம்பியில் அலுமினியக் கம்பு பட்டு உயிர் போகும் அபாயம் எல்லாம் தெரிந்த பெற்றோர் யாரும் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்ப விரும்புவதில்லை. மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்ற மோட்டார் அரிவாள் இழுக்கும் பாரத்தைக் குறைத்தது. அதையும் ஒருவர் தூக்கிப் பிடித்துக் குறி பார்த்தாக வேண்டும். இயந்திரம் வரட்டும். அதற்கு யார் கற்பிப்பது, கற்பித்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதை இப்போதே பேசி முடிக்க வேண்டும்.

ஏனென்றால் வலுவூட்டல் கற்றலில் எல்லாமே மதிப்பெண்ணில் அடங்கியிருக்கிறது. குலை கீழே விழுந்தால் மதிப்பெண் என்று மட்டும் சொன்னால், வழியில் இருக்கும் பச்சை மட்டைகளையெல்லாம் இயந்திரம் சீவித் தள்ளும். மட்டை குறைந்த மரத்தில் பின்னாளில் விளைச்சல் குறையும். பழம் நசுங்கினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். மழை பெய்த காலையில் கம்பு வழுக்கும். பள்ளத்தில் நிற்கும் மரத்துக்கு எட்டும் தூரம் வேறு. இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதும் மதிப்பெண் பட்டியலில் தானாக வந்து சேராது.

2017-இல் ஓப்பன்ஏஐயும் டீப்மைண்டும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று இதற்கு வழி காட்டியது. இரண்டு காணொளித் துண்டுகளை ஒருவருக்குக் காட்டி, எது மேல் என்று கேட்டார்கள். சுமார் 900 முறை அப்படித் தேர்ந்தெடுத்ததில் கணினிக்குள் இருந்த ஒரு ரோபோ பின்குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொண்டது. தேர்ந்தவர் ஒரு வரி நிரல்கூட எழுதத் தேவையில்லை. அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. பொருளைப் பிடிக்கப் பழக்கிய கை, பிடிக்காமலே கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. பார்த்தவர்களுக்குப் பிடித்ததுபோலவே தெரிந்தது. திரையில் பார்ப்பவர் ஏமாறுவார். முப்பது ஆண்டு மரத்தடியில் நின்றவர் மட்டை விழும் சத்தத்திலேயே வெட்டு சரியா என்று சொல்லிவிடுவார்.

ஆகவே மாநில அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தரவு மைய விண்ணப்பங்களை ஆராயத் தனிக் குழு அமைத்து, தகுதியற்றவற்றைத் திருப்பி அனுப்பவும் ஜொகூர் தயங்கவில்லை. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நிபந்தனை விதிக்க முடிகிறதென்றால், கணினித் திறனில் ஒரு பங்கை உள்ளூர் ஆய்வுக்கு ஒதுக்கச் சொல்லவும் முடியும். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து கூலாய் அரை மணி நேரப் பயணம். அந்தப் பங்கைச் செம்பனை அறுவடைக்குத் தரலாம். அதில் வேலை செய்யும் குழுவில், குலை வெட்டிப் பழகியவர்களைப் பயிற்றுநர்களாகச் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும். அவர் தமிழரோ, மலாய்க்காரரோ, இந்தோனேசியரோ, ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வர வேண்டும். அவர்கள் திருத்தித் திருத்திக் கொடுத்த தேர்வுகளால் ஒரு நிறுவனம் லாபம் பார்த்தால், அதில் அவர்களுக்கும் ஒரு பகுதி போக வேண்டும்.

ரப்பர் காலத்தையும் செம்பனைக் காலத்தையும் கண்ட தலைமுறை அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவரைப் பொறியாளர்கள் நாளையே தோட்டத்துக்கு அழைத்துப் போகட்டும். கேமராவை மரத்தின் உச்சிக்குத் திருப்பப் போகும் மாணவனை அவர் தடுப்பார். முதலில் கீழே பார், எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறது என்று எண்ணு என்பார்.